விலை குறைந்த ஏ.ஆர்-15 ரைஃபிளை எடை போடுவது: கையெழுத்துக்கு முன்பும் முதல் 300 தோட்டாக்களிலும்

அமெரிக்கக் கடைகளில் சுமார் 500 முதல் 700 டாலருக்குள் கிடைக்கும் ஏ.ஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அந்தக் காசுக்குத் தகுதியானதா என்று கண்டுபிடிக்கும் வழிதான் இங்கே விஷயம். ரேஞ்சில் புதியவர்கள் பக்கத்தில் நின்று, அவர்கள் வாங்கி வந்ததைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அனுபவம் இது. எந்த பிராண்ட் நல்லது என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அதே பிராண்டில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

500 டாலர் துப்பாக்கிக்கும் 1,200 டாலர் துப்பாக்கிக்கும் ரிசீவரின் (பாகங்களைத் தாங்கும் உடல்) அலுமினியம் பெரும்பாலும் ஒன்றேதான். 7075-டி6 என்ற அலுமினியக் கட்டியை அடித்து வடிவம் கொடுக்கும் பட்டறைகள் கொஞ்சம்தான்; பல பிராண்டுகள் அவர்களிடமே வாங்கி, கடைந்து, தங்கள் பெயரைப் பொறிக்கின்றன. அப்படியானால் விலை எங்கே குறைகிறது? குண்டு ஓடும் குழாயான பேரலிலும், தோட்டாவைப் பின்னிருந்து பூட்டும் போல்ட்டிலும் கொஞ்சம். சோதனையில் நிறைய. திருகை முறுக்கிய பின் அது முறுகியிருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்கும் வேலைதான் முதலில் வெட்டப்படும். அந்த இன்னொருவர் இனி நீங்கள்தான்.

## 1. முதலில் சட்டம்

இதைக் கடைசியில் பார்ப்பவர்கள் அதிகம். தமிழர்களுக்கு இது இன்னும் முக்கியம், காரணம் விசா. ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருக்கும் நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவது தனிக் குற்றம். உதவி என்று நினைத்துக்கூட அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து மாநிலம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் உள்ளிட்ட பல மாநிலங்கள் இந்த வகை ரைஃபிளைத் தடை செய்திருக்கின்றன அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. தோட்டா அடைக்கும் பெட்டியான மேகசினில் எத்தனை தோட்டா கொள்ளலாம் என்பதற்கும் சில மாநிலங்களில் வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 10, கொலராடோவில் 15. நாடு முழுக்கப் பொருந்தும் அளவு ஒன்றும் இருக்கிறது: பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 1934ஆம் ஆண்டின் நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் சட்டத்துக்குள் போய்விடும்.

உரிமம் பெற்ற கடைக்காரரிடம் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அப்புறம் பின்னணிச் சோதனை. இந்தப் படிவம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை மனதில் வையுங்கள். ஐந்தாவது படியில் அதற்கு வருகிறேன்.

## 2. மொத்தச் செலவைத் துப்பாக்கிக்கு முன் எழுதுங்கள்

புதியவர்கள் துப்பாக்கியின் விலையைத்தான் பட்ஜெட் என்று நினைக்கிறார்கள். 550 டாலருக்கு வாங்கினால் அதோடு வரி, துப்பாக்கியை உங்கள் பெயருக்கு மாற்றித்தரக் கடை வாங்கும் டிரான்ஸ்ஃபர் கட்டணம், குறி பார்க்கும் ஆப்டிக், மூன்று நான்கு மேகசின், காது கண் பாதுகாப்பு, சுத்தம் செய்யும் சாமான், பூட்டிய இரும்பு அலமாரி எல்லாம் சேரும். ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

அதற்கும் மேல் தோட்டா. ஒன்று சுமார் அரை டாலர் என்று வைத்தால், ஆயிரம் சுட்டால் துப்பாக்கியின் விலையே ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஏன் முதலில் போடச் சொல்கிறேன்? துப்பாக்கியில் 100 டாலர் மிச்சம் பிடிப்பது பெரிய லாபமாகத் தெரியும். அந்த 100 டாலர் இருநூறு தோட்டா, அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோசமான ஒரு பேரலோடு அடுத்த பத்து வருடம் மல்லுக்கட்டுவதற்கு அது ஈடாகாது.

சோதனைக்கென்று 300 தோட்டாவின் காசைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதைத் துப்பாக்கி விலையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும்.

## 3. விவரத்தாளில் படிக்க வேண்டியவை

விவரத்தாளில் இருபது வரி இருக்கும். அதில் நான்குக்குத்தான் பொருள் உண்டு.

சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை): 5.56 நேட்டோ அல்லது .223 வைல்ட் என்று இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் 5.56, .223 ரெமிங்டன் ஆகிய இரு தோட்டாக்களையும் சுடலாம். வெறும் .223 ரெமிங்டன் சேம்பர் என்றால் 5.56 போடக் கூடாது. பேரலுக்குள் சுழலாக ஓடும் மரையைக் குண்டு தொடும் முன் உள்ள இடைவெளி அதில் குறைவு, அழுத்தம் ஏறும். மலிவாகக் கிடைக்கும் தோட்டாக்களில் நிறைய 5.56 என்பதால் இது காசு விஷயமும்கூட.

பேரலின் உட்பூச்சு: குரோம் பூசியது நெடுநாள் உழைக்கும், துல்லியம் துளி குறையலாம். நைட்ரைடு செய்தது (எஃகின் மேற்பரப்பையே கடினமாக்கியது) இந்த விலையில் அதிகம் கிடைப்பது, தாராளமாகப் போதும். இரண்டும் இல்லாத வெறும் எஃகு என்றால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு. சோம்பேறிக்கு ஆகாது. எனக்கும் ஆகவில்லை.

ட்விஸ்ட்: 1:8 என்றால் குண்டு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும். வழக்கமான 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுக்கு 1:7, 1:8, 1:9 எல்லாமே சரி. 77 கிரெய்ன் போன்ற கனமான குண்டு சுட ஆசை என்றால் 1:9 வேண்டாம். ஒன்றும் தெரியவில்லையா, 1:8 எடுங்கள்.

கேஸ் சிஸ்டத்தின் நீளம்: சுடும்போது எழும் வாயுவில் (கேஸ்) கொஞ்சத்தைப் பேரலிலிருந்து எடுத்து போல்ட்டைப் பின்னே தள்ளும் அமைப்பு இது. 16 அங்குலப் பேரலில் கார்பைன் நீளமும் வரும், மிட் நீளமும் வரும். மிட் நீளத்தில் கேஸ் கொஞ்சம் தள்ளி எடுக்கப்படுவதால் அழுத்தம் குறைந்து போல்ட்டை அடைகிறது. உதைப்பு மென்மை, தேய்மானம் குறைவு. விலை ஒன்றென்றால் மிட் நீளம்.

மீதி வரிகளில் பாதி அலங்காரம். ‘மில்-ஸ்பெக்’ என்ற சொல்லை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம். அளவு ராணுவ வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்கும் அதைச் சொல்வார்கள், மாற்று உதிரிபாகம் பொருந்தும் என்பதற்கும் சொல்வார்கள், ஒன்றுமே இல்லாததற்கும் சொல்வார்கள்.

## 4. கடைக்குப் போகும்போது பையில்

ஒரு சின்ன டார்ச், வெள்ளைத் துணி, கையடக்க உருப்பெருக்கி, நோட்டுப் புத்தகம். உங்கள் மாநிலம் அனுமதிக்கும் காலி மேகசின் ஒன்றும் இருந்தால் நல்லது. கடையில் கேட்டாலும் தருவார்கள். தோட்டா எடுத்துப் போகாதீர்கள். கவுன்டரில் உங்கள் பையில் தோட்டா இருந்தால் கடைக்காரர் முகம் மாறும், மாறத்தான் வேண்டும்.

## 5. கையெழுத்துக்கு முன் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்த நொடியே அது உங்கள் துப்பாக்கி, பழைய துப்பாக்கி. திருப்பி வாங்கும் கடை அபூர்வம். அதற்குப் பிறகு தயாரிப்பாளரின் வாரண்டிதான் வழி, வாரக்கணக்கில் ஆகும். கையெழுத்துக்கு முன் குறையைக் காட்டினால், வேறொன்றைக் கேட்கவோ, ஆன்லைனில் வாங்கியது என்றால் அனுப்பியவருக்கே திருப்பச் சொல்லவோ வாய்ப்பு உண்டு.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் ஆன்லைனில் வாங்கியதை எடுக்கப் போன அன்று படிவத்தை முதலில் நிரப்பினார், பணம் கட்டினார், பெட்டியைக் காரில் வைத்துத்தான் திறந்தார். குறி பார்க்கும் முன் சைட் கண்ணுக்கே தெரியும்படி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் அதைச் சுட்டார்.

ஆக, கடைக்காரரிடம் நேராகச் சொல்லுங்கள்: “படிவத்துக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் பார்த்துக்கலாமா?” நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அவர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். முனை எப்போதும் ஆள் இல்லாத பக்கம், விரல் விசைக்கு வெளியே.

பிறகு பின்பக்கத்திலிருந்து மேல் ரெயில் வழியாக முன்னோக்கிப் பாருங்கள். முன் சைட், பேரலிலிருந்து கேஸை எடுக்கும் கேஸ் ப்ளாக், பேரலைச் சுற்றிய முன்கைப்பிடியான ஹேண்ட்கார்டின் ரெயில் எல்லாம் ஒரே கோட்டில் நிமிர்ந்து நிற்கின்றனவா? கேஸ் ப்ளாக் திரும்பியிருந்தால் பேரலின் ஓட்டையும் அதன் ஓட்டையும் நேர்படாமல் கேஸ் பாதிதான் வரும். இது அழகு விஷயம் இல்லை.

அடுத்து பின்புறம், போல்ட்டின் அடியைத் தாங்கும் பஃபர் உள்ளே இருக்கும் ட்யூபை ரிசீவரோடு இறுக்கும் பல் வைத்த ‘காசில்’ (castle) நட். அதற்கு முன்னிருக்கும் தகட்டின் உலோகத்தை உளியால் குத்தி நட்டின் பள்ளத்துக்குள் தள்ளியிருக்க வேண்டும். இதைத்தான் ஸ்டேக்கிங் என்கிறார்கள். இல்லாவிட்டால் நட் மெல்ல மெல்லத் தளரும், ட்யூப் திரும்பும், பஃபரைப் பிடித்திருக்கும் சின்ன முள் வெளியே வந்து உள்ளே சிக்கும். மலிவு ரைஃபிளில் அதிகம் விட்டுப்போவது இதுதான். நல்ல வேளையாக, துப்பாக்கி மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். இதற்காக மட்டும் துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

காலி மேகசினைப் போட்டு எடுங்கள். பட்டனை அழுத்தினால் தன் எடையிலேயே விழ வேண்டும். விழவில்லை என்றால் இன்னொரு மேகசினில் பாருங்கள். இரண்டும் சிக்கினால் கீழ் ரிசீவரின் வாய் சரியாகக் கடையப்படவில்லை என்று பொருள், அதை நான் வாங்க மாட்டேன். சட்டப்படி வரிசை எண் உள்ள கீழ் ரிசீவர்தான் துப்பாக்கி. பேரலை மாற்றலாம், போல்ட்டை மாற்றலாம், அதை மட்டும் சும்மா மாற்றிக்கொள்ள முடியாது.

மேல் ரிசீவருக்கும் கீழ் ரிசீவருக்கும் இடையே லேசாக ஆட்டம் இருக்கும். புதியவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் ஆட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். விட்டுவிடுங்கள். பேரலும் ஆப்டிக்கும் மேல் ரிசீவரிலேயே இருக்கின்றன. அந்த ஆட்டம் துல்லியத்தைத் தொடுவதில்லை. இரண்டு ரிசீவரின் கறுப்பு நிறமும் சற்று வேறாக இருப்பதும் அப்படியே.

## 6. போல்ட் கேரியரை வெளியே எடுங்கள்

பின்பக்க முள்ளைத் தள்ளி, மேல்பாதியைச் சாய்த்து, கைப்பிடியை இழுத்து, போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியரை எடுக்கச் சொல்லுங்கள். உழைப்பு எல்லாம் நடக்கும் இடம் இது. இங்கே நேரம் செலவழியுங்கள்.

கேரியரின் மேலே கேஸ் கீ என்று ஒரு சின்னக் குழாய் இரண்டு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகுகளின் தலையைச் சுற்றியுள்ள உலோகம் ஆழமாக நெருக்கப்பட்டிருக்கிறதா? பேருக்கு ஒரு கீறல் போட்டிருந்தால் அது ஸ்டேக்கிங் ஆகாது. உலோகம் உண்மையாகவே நகர்ந்து திருகின் பல்லைக் கவ்வியிருக்க வேண்டும். இது தளர்ந்தால் கேஸ் கசியும், போல்ட் முழுதாகப் பின்னே போகாது, தோட்டா சிக்கும். கையால் ஆட்டிப் பாருங்கள். இம்மியும் அசையக் கூடாது.

போல்ட்டின் எஃகு கார்பென்டர் 158 அல்லது 9310 என்று விவரத்தாளில் இருக்கும். முதலாவது ராணுவ வழக்கம். இரண்டாவதும் சூடேற்றிப் பதப்படுத்தியது சரியாக இருந்தால் குறைவில்லை. எது என்று சொல்லவே சொல்லாமல் ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எம்.பி’ என்ற எழுத்து, காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று கண்டதற்கான குறி. ஒவ்வொன்றாகச் சோதித்தார்களா, பத்துக்கு ஒன்றா என்பதை அந்த எழுத்து சொல்லாது. இருந்தால் நல்லது, அதோடு சரி.

போல்ட்டைச் சுற்றி கேஸ் கசியாமல் அடைக்கும் கேஸ் ரிங் மூன்றும் முழுதாக உள்ளனவா என்று பார்க்க எளிய வழி உண்டு. போல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அந்த முகத்தின் மேல் கேரியரை நிறுத்துங்கள். கேரியர் தன் எடையில் சரிந்து இறங்கினால் ரிங்கில் பிடிப்பு இல்லை. புதியது நிற்க வேண்டும்.

பிறகு உருப்பெருக்கியால் போல்ட் தலையின் பற்களைப் பாருங்கள். பிசிறு, வெட்டு, சீரற்ற கடைசல் எதுவும் ஆகாது. தொழிற்சாலையில் சோதனைக்குச் சுட்ட தடம் இருந்தால் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறிதான்.

## 7. பேரல்

கேரியர் வெளியே இருக்கும்போதே பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மரைகள் கூராக, ஒரே சீராக, வளையம் போன்ற நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் கறுப்பு வரும், அது பாதுகாப்பு எண்ணெய். பழுப்பு வந்தால் துரு.

முனையில் சுடும் தீப்பொறியை மறைக்கும் ஃபிளாஷ் ஹைடர் நேராக இருக்கிறதா பாருங்கள். பேரலின் மேல் பொறித்திருப்பது பெட்டியில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்றும் வாசியுங்கள். நான் ஒருமுறை 1:7 என்று போட்ட பெட்டிக்குள் 1:9 பேரலைப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்ஸ்பேஸ் என்பது பூட்டிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி. முழுத் துப்பாக்கியாக வந்ததில் தொழிற்சாலை பார்த்திருக்கும். மேல்பாதியையும் போல்ட்டையும் தனித்தனிக் கடையில் சேல் பார்த்து வாங்கியிருந்தால், சுடும் முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கோ, நோ-கோ கேஜ் (இடைவெளி அளவுக்குள் இருக்கிறதா என்று காட்டும் அளவுக் கட்டைகள்) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

## 8. விசையும் சேஃப்டியும்

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, காலி என்று மறுபடி பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மேல்பாதி சாய்ந்திருக்கும்போது விசையை இழுக்கக் கூடாது. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகமான சுத்தியல் கீழ் ரிசீவரில் அடித்துச் சேதப்படுத்தும். மூடிய பிறகுதான்.

போல்ட்டை இழுத்து விட்டு, சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்துங்கள்: ஒன்றும் நடக்கக் கூடாது. விரலை எடுத்து சேஃப்டியை நீக்குங்கள்: அப்போதும் ஒன்றும் நடக்கக் கூடாது. இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்போது விசையை இழுங்கள், சுத்தியல் விழும். விரலை எடுக்காமலே போல்ட்டை மீண்டும் இழுத்து விடுங்கள். சுத்தியல் விழக் கூடாது. விசையை மெதுவாக விட்டால் ஒரு ‘க்ளிக்’ கேட்கும். மறுபடி இழுத்தால் விழும்.

இதில் ஏதாவது ஒன்று தவறினால் பேச்சே வேண்டாம், பெட்டியை மூடித் திருப்பிக் கொடுங்கள். விசை கரகரப்பாக இருந்தால் அது வேறு. இந்த விலையில் எல்லாமே கரகரப்புத்தான், சில நூறு முறைக்குப் பிறகு கொஞ்சம் இழைந்துவரும்.

## 9. வீட்டில் ஒரு மாலை

தொழிற்சாலை பூசியிருப்பது துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட எண்ணெய், ஓட்டத்துக்குப் போட்டதல்ல. பேரலைத் துடைத்து உலர விடுங்கள். கேரியர் உரசும் பக்கங்கள், கேஸ் ரிங், போல்ட்டைத் திருப்பும் கேம் பின் ஆகியவற்றில் ஈரம் தெரியும் அளவு எண்ணெய் விடுங்கள். முதல் நாள் வரும் தடங்கல்களில் நான் கண்டவரை பெரும்பங்கு வறண்ட துப்பாக்கியால் வந்தவை.

அப்புறம் ஒரு பெயின்ட் பேனாவை எடுத்து கேஸ் கீ திருகுகள், காசில் நட், ஆப்டிக் மவுன்டின் திருகுகள் எல்லாவற்றிலும் திருகையும் அடிப்பாகத்தையும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு போடுங்கள். பின்னால் கோடு முறிந்திருந்தால் எது தளர்ந்தது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஒன்றையும் மாற்றாதீர்கள். புது விசை, புது பஃபர், புது ஸ்ப்ரிங் எதுவும் இப்போது வேண்டாம். மாற்றிய பிறகு தடங்கல் வந்தால் குற்றம் யாருடையது என்று தெரியாது. வாரண்டிக்காரரும் அதையே சொல்வார்.

## 10. ரேஞ்சில் முதல் நாள்

இரண்டு வகைப் பித்தளைக் கூட்டுத் தோட்டா, குறைந்தது மூன்று மேகசின். மேகசின்களில் 1, 2, 3 என்று எழுதுங்கள். உள்ளரங்க ரேஞ்ச் என்றால் முன்பே கேளுங்கள்; காந்தம் ஒட்டும் குண்டைப் பலர் அனுமதிப்பதில்லை, உள்ளே எஃகு வைத்த எம்855 குண்டு அதில் மாட்டும்.

முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு மேகசினிலும் மூன்று முறை, இரண்டு வகைத் தோட்டாவிலும். பூட்டினால் கேஸ் போதுமான அளவு வருகிறது என்று அர்த்தம். ஒரே மேகசினில் மட்டும் பூட்டவில்லை என்றால் மேகசின் கோளாறு. எதிலுமே பூட்டவில்லை என்றால் கேஸ் ப்ளாக் அல்லது கேஸ் கீயைச் சந்தேகியுங்கள்.

காலிக் கூடு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். முனையை 12 மணி என்று வைத்தால் 3 முதல் 5 மணிக்குள் விழுவது இயல்பு. 1, 2 மணிப் பக்கம் பறந்தால் கேஸ் அதிகம். விலை குறைந்த ரைஃபிள்களில் இது சகஜம்: பலவீனமான தோட்டாவிலும் ஓட வேண்டும் என்று கேஸ் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடுகிறார்கள். ஓடும், உதைப்பும் தேய்மானமும் கூடுதல். இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

‘டப்’ என்று மெலிந்த சத்தமும் உதைப்பே இல்லாத உணர்வும் வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா சுட்டால் பேரல் வெடிக்கக்கூடும். இறக்கி, பிரித்து, ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

இதெல்லாம் சரி என்றால் ஐந்து ஐந்தாகவும், பிறகு முழு மேகசினாகவும் நூறு வரை சுடுங்கள்.

## 11. துல்லியத்தை அளப்பது

மூன்று தோட்டா சுட்டு, ஒட்டி விழுந்த மூன்று ஓட்டையைப் படம் எடுத்து ‘ஒரு எம்.ஓ.ஏ துப்பாக்கி’ என்பார்கள். ஒரு எம்.ஓ.ஏ என்பது 100 யார்டில் சுமார் 1.05 அங்குலம். மூன்று தோட்டாவில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் உண்டு. அதே துப்பாக்கியில் பத்து சுட்டால் வட்டம் நிச்சயம் விரியும். அந்த விரிந்த வட்டம்தான் உண்மை.

மேசையில் மணல் பை வைத்து, 100 யார்டில், பத்து தோட்டா, நிதானமாக. பேரல் ஆறட்டும். இன்னொரு பத்து. தொலைவான இரு ஓட்டைகளின் நடு முதல் நடு வரை அளந்து எழுதுங்கள். ‘அது என் கை நடுங்கியது’ என்று எந்த ஓட்டையையும் விலக்காதீர்கள்.

சாதாரண 55 கிரெய்ன் தோட்டாவில் பத்துக்கு மூன்று அங்குலம் வந்தால் இந்த விலைக்கு நான் திருப்திப்படுவேன். நான்கு வந்தால் வேறு தோட்டாவில் முயல்வேன். போட்டிக்கென்று செய்த நல்ல மேட்ச் தோட்டாவிலும் ஐந்தைத் தாண்டினால், அனுபவசாலி ஒருவரைச் சுடச் சொல்லிவிட்டுத்தான் துப்பாக்கியைக் குறை சொல்வேன்.

## 12. தடங்கல் வந்தால் வரிசை

நோட்டில் எழுதுங்கள்: எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், எந்தத் தோட்டா, என்ன நடந்தது. நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்றவர் யாரும் வைத்துக்கொண்டதில்லை.

தேடும் வரிசை மேகசின், தோட்டா, எண்ணெய், கடைசியில் துப்பாக்கி. மலிவானதும் மாற்ற எளிதானதும் முதலில். 2ஆம் எண் மேகசினில் மட்டும் சிக்குகிறதென்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். காலிக் கூடு சேம்பரிலேயே தங்குகிறதா? கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்ப்ரிங் அல்லது கரடுமுரடான சேம்பர். தோட்டாவின் அடியில் தீ மூட்டும் ப்ரைமரில் மெல்லிய தடம் விழுந்து வெடிக்கவில்லையா? முதலில் முனையை இலக்கை நோக்கி அரை நிமிடம் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், பிறகு எடுங்கள். வேறு பிராண்ட் தோட்டாவிலும் தொடர்ந்தால் சுத்தியல் ஸ்ப்ரிங்கைப் பார்க்க வேண்டும்.

முதல் 100இல் ஒன்றிரண்டு தடங்கலை நான் மன்னிப்பேன். அடுத்த 200இல் நல்ல மேகசின், நல்ல தோட்டா, போதிய எண்ணெய் இருந்தும் ஒன்று வந்தால்கூட அதற்குக் காரணம் தெரிய வேண்டும்.

## 13. முந்நூறுக்குப் பிறகு

பிரித்துத் துடையுங்கள். பெயின்ட் கோடுகள் முறிந்தனவா பாருங்கள். போல்ட் பற்களையும் கேம் பின் துளையைச் சுற்றியும் உருப்பெருக்கியால் தேடுங்கள். விரிசல் வந்தால் அங்கேதான் வரும். கேஸ் ரிங் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இப்போது கணக்கு. கோடுகள் அப்படியே, தடங்கல் இல்லை, மூன்று அங்குலம்: கொடுத்த விலைக்கு நல்ல சரக்கு, அதை அப்படியே விட்டுவிட்டுத் தோட்டா வாங்குங்கள். 550 டாலர் துப்பாக்கியில் 120க்கு விசை, 150க்கு ஹேண்ட்கார்டு, 70க்குத் தோளில் அணைக்கும் ஸ்டாக் என்று போட்டு 890 ஆக்கியவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு முதலிலேயே நல்ல பேரலும் மிட் நீள கேஸும் கொண்ட ஒன்று கிடைத்திருக்கும். விற்கப் போனால் அந்தச் சேர்க்கைகளுக்குப் பாதி விலைகூடத் தரமாட்டார்கள்.

காசில் நட் தளர்ந்தது, கேஸ் ரிங் போனது போன்றவை சின்னச் செலவு. உள்ளூர் மெக்கானிக்கிடம் முடித்துக்கொள்ளுங்கள். கேஸ் ப்ளாக் கோணல், சேம்பர் கரடு, பேரல் சிதறல், சேஃப்டி கோளாறு: இவற்றைத் தொடாதீர்கள். தயாரிப்பாளரை அழைத்து, நோட்டின் பக்கங்களையும் இலக்குத் தாளின் படங்களையும் அனுப்புங்கள். ‘சரியாக ஓடவில்லை’ என்ற புகாருக்கு ‘சோதித்தோம், நன்றாக இருக்கிறது’ என்று பதில் வரும். ‘140, 171, 203ஆம் தோட்டாக்கள், மூன்று வேறு மேகசின், இரண்டு வகைத் தோட்டா, மூன்று முறையும் கூடு சேம்பரில் தங்கியது’ என்றால் அவர்கள் சேம்பரைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பழுதுபார்க்கத் தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பவும், அது உங்களுக்கே நேரடியாகத் திரும்பவும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. அனுப்பும் லேபிளை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். கூரியர்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் தனி விதிகள் உண்டு. ஆப்டிக்கையும் மேகசினையும் கழற்றிக்கொண்டு, வரிசை எண்ணைப் படம் எடுத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். திரும்பி வந்ததும் எட்டாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.